தொண்ணூறு சதவீதம் யாருக்கு? பட்டதாரி வேலைவாய்ப்பு: வாசகர் கேள்வி–பதில்

பட்டம் முடித்தவர்களின் வேலை, சம்பளம், காத்திருப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகளில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. ஆய்வில் கிடைத்த எண் என்றால் அதை அங்கேயே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மகளுக்குக் கல்லூரி தேடுகிறோம். ஒரு கல்லூரி "90 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று விளம்பரம் செய்கிறது. நம்பலாமா?

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. எதை எதால் வகுத்தார்கள் என்று பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஆண்டு 600 பேர் படிப்பை முடித்தார்கள். அரியர் இருக்கக் கூடாது, இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனைகளைத் தாண்டி பிளேஸ்மென்ட் பிரிவில் பதிவு செய்தவர்கள் 240 பேர். வந்த ஆஃபர்கள் 216. 216-ஐ 240-ஆல் வகுத்தால் 90 சதவீதம். ஆனால் சிலருக்கு இரண்டு, மூன்று ஆஃபர் வந்திருக்கும். ஆட்களை எண்ணினால் 170 பேர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதம் உடனே 71-க்கு இறங்கும். 600 பேரில் 180 பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்றால் மீதி 420. அந்த 420-இல் 170 என்றால் சுமார் 40 சதவீதம். ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு. 90 என்றும் சொல்லலாம், 71 என்றும் சொல்லலாம், 40 என்றும் சொல்லலாம்.

அந்த 40-ஐயும் முழு உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி மூலம் அல்லாமல் தாமே வேலை தேடிக்கொண்டவர்கள் அதில் இல்லை. அவர்களைத் தேடிப் பிடித்துக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால் அந்தக் கல்லூரி மாணவர்களோடு தொடர்பில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பார்வையில் அதுவே நல்ல அடையாளம்.

நேரில் போகும்போது இவற்றைக் கேளுங்கள். படிப்பை முடித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? ஆஃபரை எண்ணினார்களா, ஆளையா? ஆஃபர் வாங்கியவர்களில் உண்மையில் வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை? (சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போவதும், ஆஃபரைத் திரும்பப் பெறுவதும் மந்தமான ஆண்டுகளில் சாதாரணமாக நடக்கும்.) உங்கள் மகள் எடுக்கப்போகும் துறைக்கு மட்டும் எண் என்ன? கடைசி மூன்று ஆண்டுக்கும் தனித்தனியாகத் தர முடியுமா? சில கல்வி நிறுவனங்கள் கணக்கெடுப்புத் தேதியை ஒட்டித் தங்கள் மாணவர்களுக்குத் தாங்களே குறுகிய கால வேலை கொடுப்பதும் உண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இது பெரிய சர்ச்சையாகி, அப்படிப்பட்ட வேலைகளைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. "வேலை" என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதையும் அதனால் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: "சராசரி பேக்கேஜ்", "அதிகபட்ச பேக்கேஜ்" என்று போடுகிறார்களே, எதைப் பார்ப்பது?

அதிகபட்சம் ஒரே ஒருவரின் சம்பளம். அதை விட்டுவிடுங்கள். சராசரியையும் ஒரே ஒருவர் தூக்கிவிட முடியும். ஒன்பது பேரின் மாதச் சம்பளம் ஆயிரங்களில் 18, 19, 20, 20, 22, 24, 25, 30, 182 என்றால் மொத்தம் 360, சராசரி 40. ஆனால் அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் 30-க்கு மேல் வாங்கவில்லை. சம்பளங்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 22. இந்த நடு எண்ணைத்தான் இடைநிலைச் சம்பளம் என்கிறோம். கேட்க வேண்டியது இதை. இதோடு கீழிருந்து கால் பங்கில் நிற்பவரின் சம்பளத்தையும் சொன்னார்கள் என்றால், நிலவரம் சரியாகப் போகாவிட்டால் எங்கே நிற்போம் என்பதும் தெரிந்துவிடும்.

பேக்கேஜ் வேறு, கைக்கு வரும் பணம் வேறு. ஆண்டுக்கு 100 என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால், அதில் 15 திறனைப் பொறுத்த ஊக்கத்தொகை, 10 சேரும்போது ஒரே முறை தரும் போனஸ், 10 ஓய்வுக்கால நிதிக்கும் காப்பீட்டுக்கும் நிறுவனம் கட்டும் பங்கு என்று இருக்கலாம். மீதி 65-ஐப் பன்னிரண்டால் வகுத்து, வரியையும் உங்கள் பக்கத்துப் பிடித்தங்களையும் கழித்தால் வருவதுதான் மாதச் சம்பளம். ஓர் ஆண்டுக்குள் விலகினால் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடம் வேலையின்மை அதிகம் என்று புள்ளிவிவரம் வருகிறது. அப்படியென்றால் படிப்பு வீணா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் "வேலையில் இருப்பவர்"தான். "வேலையில்லாதவர்" என்று சொல்ல மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: கையில் வேலை இல்லை, அண்மைக் காலத்தில் தேடியிருக்கிறார், கிடைத்தால் சேரத் தயார். தேடுவதையே நிறுத்தியவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். முழுநேரப் படிப்பில் இருந்துகொண்டு வேலை தேடாதவரும் வரமாட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டில் தாங்கிக்கொள்ள வழி இல்லாதவர் வேலையில்லாமல் இருக்க முடியாது. கிடைத்ததைச் செய்வார், புள்ளிவிவரத்தில் வேலையில் இருப்பவராகிவிடுவார். பட்டதாரியின் குடும்பம் ஓரளவு தாங்கும் என்பதால் அவர் தகுந்த வேலைக்கோ அரசுத் தேர்வுக்கோ காத்திருப்பார். வருமானம் குறைந்த பல நாடுகளில் படித்த இளைஞர்களின் வேலையின்மை விகிதம் மேலே நிற்பதற்கு இது முக்கியக் காரணம். வயதும் ஒரு காரணம். படிப்பு பரவிவரும் நாட்டில் பட்டதாரிகளில் பெரும்பகுதி இளையவர்கள், அதாவது முதல் வேலையைத் தேடுபவர்கள். 24 வயதுக்காரரையும் 48 வயதுக்காரரையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவதால் வரும் குழப்பம் இது. 30 முதல் 40 வயது வரை உள்ள பட்டதாரிகளை அதே வயதில் பள்ளிப்படிப்போடு நின்றவர்களோடு ஒப்பிட்டால் படம் மாறும். சம்பளம், பணிப் பாதுகாப்பு, எழுத்து வடிவில் ஒப்பந்தம் ஆகியவற்றில் பட்டதாரிகள் பொதுவாக முன்னே நிற்பார்கள்.

ஆனாலும் காத்திருப்புக்கு விலை இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே தேர்வுக்குப் படித்துவிட்டு வெளியே வருபவரிடம் பட்டமும் பழையதாகியிருக்கும், அனுபவமும் இருக்காது. எத்தனை முறை எழுதுவது என்பதைத் தேர்வுக்குத் தயாராகத் தொடங்கும் நாளிலேயே வீட்டோடு பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

கேள்வி: பட்டம் முடித்து ஐந்து மாதம் ஆகிறது. பட்டமே தேவைப்படாத ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா, பொறுத்திருக்கலாமா?

ஆய்வுகள் இங்கே எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றும். கற்பனை விண்ணப்பங்களை நிஜ விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. வேலையில்லாத காலம் நீள நீள நேர்காணல் அழைப்பு குறைந்தது, சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்திலேயே நடந்தது. 2017-இல் வந்த இன்னொன்று புதிய பட்டதாரிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் சும்மா இருந்த காலம் பெரிதாக உறுத்தவில்லை. ஆனால் பட்டம் தேவைப்படாத வேலையில் இருப்பதாகக் காட்டிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதித் தரவை வைத்து 2013-இல் வந்த ஆய்வும், தகுதிக்குக் குறைந்த வேலையில் தொடங்கியவர்கள் தகுதியான வேலைக்கு மாறத் தாமதமாகிறது என்றே கண்டது.

எங்கள் தீர்ப்பு இது. வீட்டுச் செலவுக்குப் பணம் தேவை என்றால் சேருங்கள், அதில் தயங்க எதுவும் இல்லை. தேவை அவ்வளவு அவசரம் இல்லை என்றால், வேலையின் பெயரை விட்டுவிட்டு, அங்கே தினமும் செய்யப்போவது உங்கள் துறையை எங்காவது தொடுகிறதா என்று பாருங்கள். வணிகவியல் படித்தவர் ஒரு கிடங்கில் இருப்புக் கணக்கு எழுதப் போனால் அடுத்த விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். அதே கிடங்கில் பெட்டி அடுக்கப் போனால் கிடைக்காது.

சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். பணி நேரம் நீளம், களைப்பு, பழைய நண்பர்களோடு தொடர்பு குறைகிறது, ஒரு வருடம் ஓடிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதைத் தேடலுக்கென்று ஒதுக்குங்கள். மாதம் எத்தனை விண்ணப்பம் என்று ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். பணி ஒப்பந்தத்தில் விலகலுக்கு முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். மூன்று மாதம் என்றால் அடுத்த நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது. அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால் சேராதீர்கள்.

கேள்வி: இன்டர்ன்ஷிப் உண்மையிலேயே உதவுமா?

உதவும். மேலே சொன்ன 2017 ஆய்வைச் செய்த அதே குழு 2016-இல் வெளியிட்ட முடிவில், படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்திருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு சுமார் 14 சதவீதம் கூடியது. ஆனால் சான்றிதழை மட்டும் பணம் வாங்கிக்கொண்டு தரும் "இன்டர்ன்ஷிப்" இதில் சேராது. சேரும் முன் மூன்று கேளுங்கள்: யாரிடம் வேலை கற்பேன், முடிவில் என் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கும், கடந்த ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: நான் படிப்பை முடிக்கும் ஆண்டில் சந்தை மோசம். இந்த அடி வாழ்நாள் முழுக்கத் தொடருமா?

தொடரும் காலம் நீளம்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க என்று சொல்ல முடியாது. கனடாவின் பல்கலைக்கழகப் பதிவுகளையும் வருமானப் பதிவுகளையும் இணைத்து ஓரியோபௌலஸ், வான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மந்தத்தில் பட்டம் பெற்றவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஐந்து ஆண்டுகளில் அந்த இடைவெளி பாதியானது, பத்தாம் ஆண்டு வாக்கில் கிட்டத்தட்ட மறைந்தது. எப்படி மீண்டார்கள் என்பது இதைவிட முக்கியம். முதலில் குறைந்த சம்பளம் தரும் நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறினார்கள். சீக்கிரம் மாற முடிந்தவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். பின்தங்கிய நிலையில் தொடங்கியவர்களுக்கு இழப்பு நிலைத்தும் போனது.

ஆகவே மோசமான ஆண்டில் எடுத்த முதல் வேலையை விசுவாசத்துக்காகப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சந்தை திரும்பும்போது நகரத் தயாராக இருங்கள். நீண்ட காலத்துக்குக் கட்டிப்போடும் பாண்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: வேலை கிடைக்கவில்லை, அதனால் எம்.ஏ. அல்லது எம்.பி.ஏ. சேரலாம் என்று நினைக்கிறேன்.

"அதனால்" என்ற இடத்தில்தான் எங்களுக்குத் தயக்கம். முதலில் கணக்கு. இப்போது கிடைக்கக்கூடிய வேலையில் ஆண்டுக்கு 100 வரும் என்று கொள்வோம். இரண்டு ஆண்டுப் படிப்பு என்றால் விட்டுப்போகும் சம்பளம் 200. கட்டணமும் மற்ற செலவும் ஆண்டுக்கு 40 வீதம் 80. மொத்தம் 280. முடித்தபின் ஆண்டுக்கு 25 கூடுதலாகக் கிடைத்தால், வட்டியே இல்லாமல் 11 ஆண்டுக்கு மேல் ஆகும் பணம் திரும்ப. கடன் வாங்கிப் படித்தால் இன்னும் நீளும். பலர் 80-ஐ மட்டும் எண்ணுகிறார்கள். பெரிய செலவு அந்த 200.

வேலையே கிடைக்காத நிலையில் விட்டுப்போகும் சம்பளம் குறைவு என்பதால் கணக்கு படிப்புக்குச் சாதகமாகத் திரும்பும் என்பதும் உண்மை. ஆனால் அப்போதும் உங்கள் இலக்கு வேலைகளுக்கான முப்பது விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் மேற்படிப்பு கட்டாயம் என்று எண்ணுங்கள். இரண்டு, மூன்றில்தான் என்றால் பட்டத்தைவிட ஒரு திறனும் அனுபவமும்தான் உங்களுக்குக் குறை. சேர்ந்தால் முடித்துவிடுங்கள். பாதிப் படிப்புக்குச் சந்தை பாதி விலை தருவதில்லை. முடித்த பட்டத்துக்கென்று தனி மதிப்பு உண்டு.

கேள்வி: எந்தப் பாடத்துக்கு வேலை நிச்சயம்?

எதற்கும் நிச்சயம் இல்லை. மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பயிற்சி போல ஒரு தொழிலோடு நேராக இணைந்த படிப்புகளில் முதல் வேலை பொதுவாகச் சீக்கிரம் வரும், பாதை குறுகியது. வரலாறு, இலக்கியம், தத்துவம், பொது அறிவியல் படித்தவர்கள் பல துறைகளில் சிதறுவார்கள், முதல் இரண்டு, மூன்று ஆண்டு தடுமாற்றம் அதிகம். அமெரிக்கத் தரவை வைத்து டேவிட் டெமிங், கதீம் நோரே இருவரும் 2020-இல் காட்டியது: கணினி, பொறியியல் போன்ற துறைகளில் தொடக்கத்தில் இருக்கும் சம்பள முன்னிலை அனுபவம் கூடக் கூடக் குறைகிறது, ஏனென்றால் அங்கே திறன்கள் வேகமாகப் பழசாகின்றன. அதனால் ஆறு மாதக் கணக்கெடுப்பை வைத்து ஒரு பாடத்தைத் தள்ளிவிடாதீர்கள். பிரிட்டன் முன்பு படிப்பு முடித்து ஆறு மாதத்தில் கேட்டுவந்த கணக்கெடுப்பைக் கைவிட்டு, இப்போது 15 மாதம் கழித்துக் கேட்கிறது.

கேள்வி: எங்கள் துறையில் பழைய மாணவர்களின் வேலை நிலையைக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிச் செய்வது? (ஒரு விரிவுரையாளர்)

பட்டியலில் தொடங்குங்கள். அலுமினி வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டால் நல்ல வேலையில் இருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். பதிவாளர் அலுவலகத்திலிருந்து அந்த ஆண்டு முடித்த அத்தனை பேரின் பட்டியலையும் வாங்குங்கள். இனி வரும் மாணவர்களிடம் கல்லூரி மின்னஞ்சலை வாங்காதீர்கள், படிப்பு முடிந்ததும் அது செத்துப்போகும். சொந்த மின்னஞ்சல், கைபேசி எண், மாறாத ஒரு வீட்டு எண் என மூன்றையும் கடைசிப் பருவத்திலேயே வாங்கிவிடுங்கள்.

"வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "கடந்த வாரம் சம்பளத்துக்கோ சொந்தத் தொழிலிலோ எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதவிப் பெயரோடு, "தினமும் முக்கியமாகச் செய்யும் இரண்டு வேலைகளை எழுதுங்கள்" என்று கேட்பது மிக முக்கியம். "எக்ஸிகியூட்டிவ்" என்ற பெயருக்குள் விற்பனையும் இருக்கும், தரவு உள்ளீடும் இருக்கும். அந்த இரண்டு வரி இருந்தால்தான் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் எந்தப் பிரிவு என்று குறிக்க முடியும். அதில் முதல் மூன்று பிரிவுகளான மேலாளர், தொழில்முறை வல்லுநர், தொழில்நுட்பரும் துணை வல்லுநரும் ஆகியவற்றைத்தான் பட்டதாரி நிலை வேலையாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளத்தைத் தொகையாகக் கேட்டால் பலர் விட்டுவிடுவார்கள். எட்டு, பத்து வரம்புகளாகக் கொடுங்கள். மொத்தம் 15 கேள்விக்கு மேல் போக வேண்டாம்.

முதல் செய்திக்குப் பிறகு வாரம் ஒன்றாக மூன்று நினைவூட்டல் அனுப்புங்கள். மிச்சமிருப்பவர்களுக்குப் போன் செய்யுங்கள். பதில் வந்தபின் யார் பதில் சொல்லவில்லை என்று பாருங்கள். முடித்தவர்களில் பெண்கள் 60 சதவீதம், பதில் சொன்னவர்களில் 75 சதவீதம் என்றால் பெண்களின் பதிலுக்கு 60/75, அதாவது 0.8 எடையும், ஆண்களின் பதிலுக்கு 40/25, அதாவது 1.6 எடையும் கொடுங்கள். ஒவ்வொரு பதிலையும் ஒன்று என்று எண்ணாமல் அத்தனை மடங்காக எண்ண வேண்டும். மதிப்பெண்ணுக்கும் இப்படியே சரிபாருங்கள், அங்கேதான் சாய்வு பெரிதாக இருக்கும்.

100 பேர் பதிலில் 70 சதவீதம் வேலையில் என்றால் பிழை வரம்பு இரு பக்கமும் சுமார் 9 புள்ளி, அதாவது உண்மையான விகிதம் 61-க்கும் 79-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 25 பேர் என்றால் 18. ஆகவே சின்னப் பிரிவுக்குச் சதவீதம் போடாமல் "22 பேரில் 15 பேர்" என்றே எழுதுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பி எத்தனை பதில் வந்தது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

கேள்வி: மகன் ஆறு மாதமாகத் தேடுகிறான். என்ன தவறு என்றே தெரியவில்லை.

அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: அனுப்பிய விண்ணப்பம், வந்த அழைப்பு, இரண்டாம் சுற்றுக்குப் போனது, ஆஃபர். எங்கே ஒடிகிறது என்று தெரிந்துவிடும். 80 அனுப்பி ஒரு அழைப்பு என்றால் ரெஸ்யூமேயிலோ, தகுதிக்குப் பொருந்தாத இடங்களுக்கு அனுப்புவதிலோ சிக்கல். "ப்ராஜெக்ட் செய்தேன்" என்ற வரியை எடுத்துவிட்டு, "1,200 விற்பனைப் பதிவுகளில் இரட்டிப்பானவற்றை நீக்கி மாத அறிக்கை தயாரித்தேன்" என்பது போல என்ன செய்தார், எவ்வளவு செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். அழைப்பு பத்து வந்து முதல் சுற்றிலேயே எல்லாம் நின்றால், சிக்கல் எழுத்துத் தேர்விலோ பேச்சிலோ. தெரிந்தவர் ஒருவரை எதிரே உட்காரவைத்து மூன்று, நான்கு முறை பழகினால் மாற்றம் தெரியும். கடைசிச் சுற்று வரை போய்ப் போய் நின்றால் அவரிடம் பெரிய குறை இல்லை. இன்னும் சில இடங்களுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். விளம்பரம் வரும்வரை காத்திராமல், இரண்டு ஆண்டு முன்னால் படித்து முடித்த சீனியர்களிடம் அவர்கள் நிறுவனத்தில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். வேலை கேட்கக் கூச்சப்படுபவர்கள்கூடத் தகவல் கேட்கக் கூச்சப்படுவதில்லை.